நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு: படத்தில் குறையில்லை, முகப்புத்திரைதான் தொல்லை

சென்ற மாதம், நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய எங்கள் வீட்டு ஸ்மார்ட் தொலைக்காட்சியில் ஒலி மட்டும் வந்து படம் வராமல் போனது. பழுது பார்க்க வந்தவர் திரையின் மீது டார்ச் அடித்து, உள்ளே மங்கலாகப் படம் ஓடுவதைக் காட்டி, "பேனலுக்கு ஒண்ணும் இல்ல சார், பேக்லைட்தான் போயிருக்கு" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்ஈடி பட்டைகளை மாற்ற 3,800 ரூபாய் ஆனது. இதைக் கேள்விப்பட்ட என் மைத்துனர், அதே மாடல் இப்போது விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டார். தொலைபேசியில் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

43 அங்குல 4கே திரையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பட்டைகளை மாற்றிய பிறகு, வாங்கிய நாளில் இருந்த தெளிவு அப்படியே திரும்பிவிட்டது. என் சண்டையெல்லாம் அதன் முகப்புத்திரையோடுதான்.

மாலை ஏழரைக்கு அம்மாவுக்குத் தொடர் பார்க்க வேண்டும். அது வருவது எச்டிஎம்ஐ வழியாக இணைத்திருக்கும் கேபிள் செட்டாப் பாக்ஸில். தொலைக்காட்சியைப் போட்டால், முதல் நாள் இரவு எதில் நிறுத்தினோமோ அதில் தொடங்காமல் முகப்புத்திரையில் வந்து நிற்கிறது. செயலிகளின் வரிசையும் உள்ளீடுகளின் வரிசையும் முதலில் தெரிகின்றன. அம்மா அம்புக்குறியை மெல்ல நகர்த்திக் கேபிள் பெட்டியின் படத்துக்குக் கொண்டுசெல்கிறார். ஓகே பொத்தானை அழுத்தப் போகும் அந்த நொடியில், இணையத்திலிருந்து தாமதமாக வந்து சேரும் விளம்பர வரிசை மேலே புகுந்து எல்லாவற்றையும் ஒரு படி கீழே தள்ளிவிடுகிறது. அழுத்தியது விளம்பரத்தின் மீது விழுந்து, நாங்கள் சந்தா கட்டாத ஏதோ ஒரு செயலி திறக்கத் தொடங்குகிறது. அது திறந்து, உள்நுழையச் சொல்லி, அதிலிருந்து நாங்கள் வெளியேறுவதற்குள் தொடரின் பாட்டு முடிந்துவிடும். "நான் அமுக்குறதுக்குள்ள அது நகந்துடுதுப்பா" என்று அம்மா நான்கு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். கை நடுங்குகிறது என்று முதலில் நினைத்துவிட்டேன். நானே உட்கார்ந்து பார்த்தபோதுதான் பிழை அவருடையதல்ல என்று புரிந்தது.

நியாயமாகச் சொன்னால், முதல் ஆண்டில் இவ்வளவு மோசமில்லை. உள்ளே இருப்பது 2 ஜிபி நினைவகமும் 8 ஜிபி சேமிப்பிடமும்தான். அந்தச் சேமிப்பிடத்திலும் பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்பும் முகப்புத்திரையில் புதிதாக ஒரு வரிசையைச் சேர்த்ததே தவிர, அதைத் தூக்கிச் சுமக்கும் சிப்பு அன்று இருந்த அதே சிப்புதான். இந்த விலைக்கு இந்தத் திரையைக் கொடுத்துவிட்டு அந்த முகப்பில் இடம் விற்றுச் சம்பாதிக்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் இடத்தை விற்றவர்கள், நான் பணம் கொடுத்து வாங்கிய பொத்தானை அதற்கு வழிவிட வைத்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ரிமோட் இன்னொரு கதை. அதில் ஹாட்ஸ்டாருக்கென்று இருக்கும் பொத்தானில் இன்னும் பழைய பெயரே அச்சாகியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் அந்தச் சேவை ஜியோஹாட்ஸ்டாராக மாறிவிட்டது. உள்ளீட்டை மாற்ற மட்டும் தனிப் பொத்தான் கிடையாது.

பழுது பார்த்தவர் போகும்போது, வேகம் கூடும் என்று சொல்லித் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டுப் போனார். அமைப்புகளெல்லாம் அழிந்துபோனதால் அன்று மாலை, பதினான்கு எழுத்து வைஃபை கடவுச்சொல்லைத் திரை விசைப்பலகையில் அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன். நாம் பார்ப்பதைப் பதிவுசெய்ய ஒப்புதல் கேட்கும் பக்கமும் வந்தது. அதில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. இதை வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. ஒப்புதல் பெறாமல் பார்வைப் பழக்கத்தைச் சேகரித்ததாக எழுந்த வழக்கை, அமெரிக்காவில் தொலைக்காட்சி விற்கும் விசியோ நிறுவனம் 2017-இல் 22 லட்சம் டாலர் செலுத்தி முடித்துக்கொண்டது. நான் டிக்கை எடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் எரிச்சலில் வைஃபையையே துண்டித்தேன். அதிசயம்தான்: விளம்பர வரிசை வரவில்லை, எதுவும் நகரவில்லை, அம்மா முதல் அழுத்தலிலேயே கேபிளுக்குப் போய்விட்டார். படம் பார்க்க இப்போது தனியாக ஒரு ஸ்டிக் (இணையச் செயலிகளைத் திரையில் காட்டும் சிறு கருவி) வாங்கிச் செருகியிருக்கிறேன். அதற்கும் ஒரு முகப்புத்திரை உண்டு, அதிலும் விளம்பரம் உண்டு. ஆனால் அம்மா அந்தப் பக்கம் போவதில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். ஆனாலும் மைத்துனரிடம் இதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். இந்த விலைக்கு இப்படி ஒரு திரை கிடைக்காது. வைஃபை கடவுச்சொல்லை மட்டும் அதற்குக் கொடுக்க வேண்டாம் என்றேன். "அப்புறம் எதுக்கு மாப்ள ஸ்மார்ட் டிவி?" என்று கேட்டார். ஸ்மார்ட் இல்லாத 43 அங்குலத் திரை எந்தக் கடையிலாவது கிடைத்தால் எனக்கும் ஒன்று சொல்லுங்கள் என்றேன்.