நைட்ரோ டிரக்கை ட்யூனிங்குக்குக் கொடுக்கும் முன்: தள்ளி நின்று காட்டும் டிகிரியை நம்பாதீர்கள்

போன டிசம்பரில் ஒரு பழைய டிராக்ஸஸ் ரெவோ 3.3 வாங்கினேன். ரிமோட்டில் ஓடும், நைட்ரோ எரிபொருள் இன்ஜின் உள்ள மாடல் டிரக் இது. அதிகம் ஓடாத வண்டி. பிளைவீலைக் கையால் சுற்றினால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கமாகப் பிடிக்கும். இந்த இன்ஜினில் பிஸ்டன் ரிங் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்லீவ் என்ற உலோகக் குழாய் மேல்பக்கம் லேசாகக் குறுகியிருக்கும். சூடாகும்போது விரிந்து பிஸ்டனுக்கு அளவாக இடம் விடும். குளிர்ந்த இன்ஜினில் அந்தப் பிடிப்பு இல்லையென்றால் வண்டியை வாங்கவே கூடாது.

ஒரே குறை, புகை ஜாஸ்தி, பிக்கப் மந்தம். எரிபொருள் அதிகமாகப் போகிறது, அதாவது ரிச் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகான நீடிலில் கை வைக்கப் பயந்துகொண்டு எங்கள் ஊர் ஹாபி கடை ஒன்றில் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம். ட்யூனிங்குக்கு 1,500 ரூபாய். கூடவே, லேபிள் இல்லாத பாட்டிலில் ஒரு லிட்டர் எரிபொருளையும் தலையில் கட்டினார்.

மறுநாள் மதியம் கடைக்குப் பின்னால் ஓட்டிக் காட்டினார். வண்டி பறந்தது. "பாத்தீங்களா சார், புகையே இல்ல, எவ்ளோ க்ளீனா ஓடுது!" நானும் தலையாட்டினேன். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் ஊற்றுவதில்லை. எரிபொருளில் கலந்துள்ள எண்ணெய்தான் உள்ளே உராய்வைத் தடுக்கிறது. முழு வேகத்தில் போகும்போதும் பின்னால் மெல்லிய நீலப் புகை தெரிய வேண்டும். நீடிலை உள்ளே திருகி லீன் ஆக்கினால், அதாவது எரிபொருளைக் குறைத்தால், வேகம் கூடும். கூடவே எண்ணெய் குறைந்து சூடு ஏறும். வாடிக்கையாளரை அசத்த இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சூடு எவ்வளவு என்று கேட்டேன். நின்ற இடத்திலிருந்தே, தொடாமல் சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நீட்டி அமுக்கினார். 98 டிகிரி. இன்ஜின் தலைப்பகுதியான ஹெட்டின் உச்சியில், எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக் பக்கத்தில் 93 முதல் 132 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்று முன்பே படித்திருந்ததால், பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு காலை ஆறரை மணி, நல்ல குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே நீடில் அளவில் கலவை இன்னும் லீன் ஆகும். மதிய வெயிலில் விளிம்பில் வைத்த ட்யூனிங், காலையில் என்ன ஆகும்? மூன்றாவது டேங்கில் இன்ஜின் கத்திக்கொண்டே போய் அணைந்தது. சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவில்லை. ஹெட்டில் தண்ணீர் தெளித்து ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆனது. பிடிப்பு போய்விட்டதற்கு இதுதான் அடையாளம்.

மைதானத்துக்கு வழக்கமாக வரும் ஒரு அண்ணன் தன் துப்பாக்கியை க்ளோ பிளக்குக்கு நேர் மேலே, நாலு விரல் தூரத்தில் பிடித்தார். 151! அப்புறம் அதையே கடைக்காரர் நின்ற தூரத்துக்குப் போய்க் காட்டினார். நூறைக்கூடத் தாண்டவில்லை. 8:1 என்று போட்டிருக்கும் துப்பாக்கி, தூரத்தில் எட்டில் ஒரு பங்கு அகல வட்டத்தைப் படிக்கும்; 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 7.5 செ.மீ. வட்டம். ஹெட் அதைவிடச் சின்னது. சுற்றியுள்ள சேஸிஸ், தரை எல்லாவற்றையும் சேர்த்து சராசரி சொல்லும். கடைக்காரருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

கடைக்குப் போனேன். "பழைய ஃப்யூல் ஊத்தியிருப்பீங்க" என்றார். அவர் கொடுத்த பாட்டிலையே காட்டினேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு, பிஸ்டன் ஸ்லீவ் செட் 9,000 ரூபாய், தெரிந்தவர் என்பதால் 8,500 என்றார். ட்யூனிங்குக்கு நான் பில் வாங்கியிருக்கவில்லை. அது என் தப்பு.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், துப்பாக்கியை உங்கள் கையில் வாங்கி, வண்டி ஓடி வந்த உடனே பிளக்கின் மேல் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஐடிலில் கார்புரேட்டர் பக்கம் எரிபொருள் குழாயை விரலால் நசுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நொடி ஓடி, சத்தம் லேசாக ஏறி அணைந்தால் சரி. சட்டென்று அணைந்தால் லீன். லேபிள் இல்லாத எரிபொருளை வாங்கவே வேண்டாம். அதிலுள்ள மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எப்போது திறந்த பாட்டில் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது வேறு இடத்தில் வாங்கிய செட்டை அந்த அண்ணனே மாட்டிக் கொடுத்தார். நீடிலை ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் ஒரேயடியாகத் திருப்ப விடுவதில்லை. நேற்று நாலாவது டேங்க். 108 டிகிரி, பின்னால் புகை.