புது லோயர் ஆர்ம் மாட்டிய ஒன்பதாவது மாதம் சக்கரம் மடிந்தது

காரைப் பின்னால் எடுத்து நிறுத்திக்கொண்டிருந்தேன். வேகம் என்றே சொல்ல முடியாது, நடந்து போகிறவர் முந்திவிடுவார். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபோது முன்பக்கம் இடதுபுறத்தில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். கார் அந்தப் பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் அடிப்பக்கம் வெளியே தள்ளி, மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, டயர் ஃபெண்டரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஆயில் தரையில் ஓடுகிறது. குனிந்து டார்ச் அடித்ததும் காரணம் தெரிந்தது: சக்கரத்தின் அடிப்பக்கத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம்; அதன் முனையிலுள்ள பால் ஜாயின்ட்டில் இருந்த இரும்பு உருண்டை, தன் கிண்ணத்தை விட்டே வெளியே வந்திருந்தது.

அந்த ஆர்மை மாட்டி ஒன்பது மாதம்தான். ஓடியது 14,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அன்று காலைதான் அதே காரில், வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையில் 90-இல் வந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது.

காரோடு வந்த பழைய ஆர்ம் 1,10,000 கிலோமீட்டர் உழைத்தது. கடைசியில் ஆர்மை வண்டியோடு சேர்க்கும் ரப்பர் புஷ் வெடித்திருந்தது, வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராட் வேகத்தடையில் லொடலொடத்தது, குலுக்கலை அடக்கும் ஷாக் ஒன்று கசிந்தது. வயதான வண்டிக்கு வரும் வழக்கமான வியாதிகள். மெக்கானிக் பட்டியல் எழுதிக் கொடுத்தார். கம்பெனி பார்ட் விலையைக் கேட்டு நான் முகம் சுளித்ததைப் பார்த்த கடைக்காரர், உள்ளேயிருந்து ஒரு ‘கிட்’டை எடுத்து வைத்தார். லோயர் ஆர்ம் இரண்டு, லிங்க் ராட் இரண்டு, முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் ஷாக்) இரண்டு. மொத்தமும் கம்பெனி விலையில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு வருட வாரண்டி. “சார், எல்லாம் ஒரே ஃபேக்டரி சரக்குதான். டப்பாதான் வேற” என்றார்.

இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இது சில சமயம் உண்மையாகவும் இருப்பதுதான் தொல்லை. சஸ்பென்ஷன் பாகங்களில் பெரும்பகுதியைக் கார் கம்பெனிகள் தாங்களே செய்வதில்லை, வெளியில் வாங்குகின்றன. லெம்ஃபோர்டர், சாக்ஸ், டிஆர்டபிள்யூ மூன்றும் இன்று ஜெர்மனியின் இசட்எஃப் குழுமத்துக்குள் இருக்கும் பெயர்கள். ஜப்பானில் கேஒய்பி இருக்கிறது. இவர்கள் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கிறார்கள், தங்கள் பெயர் போட்ட டப்பாவிலும் விற்கிறார்கள். அந்த டப்பா அசலாக இருந்தால் தாராளமாக வாங்கலாம், எனக்கு அதில் எந்தப் புகாரும் இல்லை. என் டப்பாவில் இருந்ததோ நான் அதுவரை கேள்விப்படாத பெயர். ஹாலோகிராம் மட்டும் நன்றாகப் பளபளத்தது. யார் தயாரித்தது என்று ஒரு வரி கிடையாது, பெயர் ஒட்டி விற்பவரின் விவரம் மட்டும் இருந்தது. அன்று அதையெல்லாம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

முதல் இரண்டு மாதம் கார் புதுசு மாதிரி ஓடியது. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘மாட்டி ஒரு வாரம் ஆச்சு, அருமை’ என்று எழுதப்படும் பாராட்டெல்லாம் இந்தக் கட்டத்தில் வருபவைதான். தேய்ந்துபோன ரப்பரைக் கழற்றிவிட்டு எதை மாட்டினாலும் ஒரு வாரத்துக்கு அருமையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது மாதம், ஸ்டீயரிங்கை ஒடித்துப் பின்னால் எடுக்கும்போது மட்டும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். மெக்கானிக்கிடம் காட்டினேன். “புது ரப்பர் சார், செட் ஆகணும்” என்றார். ஐந்தாவது மாதம் ஸ்ட்ரட்டின் மேல் ஆயில் ஈரம். கடைக்காரர், “லேசா ஈரம் இருக்கும் சார், அது நார்மல்” என்றார். இதுவும் பாதி உண்மை. ஷாக்கின் ராட் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் சீலுக்கு எண்ணெய் போட மெல்லிய படலம் ஒன்றைக் கொண்டு வரும், அதில் தூசி ஒட்டி ஈரம்போலத் தெரியும். அது சரி. ஆனால் என்னுடையதில் ஆயில் கோடாக வழிந்து ஸ்பிரிங் தட்டு வரை இறங்கியிருந்தது. அது சீல் போய்விட்டதன் அடையாளம். கழற்றிய பிறகு ராடை விரலால் தடவினால் குரோம் பூச்சில் பொடிப்பொடியாகக் குழிகள் தட்டுப்பட்டன. அந்தச் சொரசொரப்பு மேலும் கீழும் போய் வந்தால் எந்த சீலும் கிழியத்தான் செய்யும்.

ஏழாவது மாதம் முன் டயரின் உள்ஓரம் தேய்வதைப் பார்த்து அலைன்மென்ட் செய்தேன். மூன்று வாரத்தில் ஸ்டீயரிங் மறுபடி ஒரு பக்கம் இழுத்தது. இரண்டாம் முறை போனபோது அந்த அலைன்மென்ட் பையன் மெஷினை மாட்டாமலேயே, நெம்புகோலை ஆர்முக்கும், சக்கரத்தைத் தாங்கும் இரும்பான நக்கிளுக்கும் நடுவில் விட்டு ஒரு நெம்பு நெம்பினான். “ஆட்டம் இருக்கு சார். இதுல அலைன்மென்ட் நிக்காது, காசு வேஸ்ட்” என்றான். இந்தக் கதையில் தனக்கு வரவேண்டிய காசை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான். அவன் பேச்சைக் கேட்டு அன்றே கழற்றியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை. ‘ஏழு மாசப் புது ஆர்மில் ஆட்டமாவது’ என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன். அது என் தப்பு.

பால் ஜாயின்ட் என்பது ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு உருண்டை, நடுவே வழுவழுப்பான பிளாஸ்டிக் இருக்கை, கொஞ்சம் கிரீஸ், மேலே மூடியிருக்கும் ரப்பர் பூட். அவ்வளவுதான். ஆனால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் வைத்த காரில், அதாவது இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில், மேல் ஆர்ம் கிடையாது. 1950-இல் ஃபோர்டு கன்சலில் வந்த அதே சிக்கனமான அமைப்புதான் இன்றும். சக்கரத்தின் மேல்பக்கத்தை ஸ்ட்ரட் பிடித்துக்கொள்கிறது, அடிப்பக்கத்தை அந்த ஒற்றை பால் ஜாயின்ட் பிடித்துக்கொள்கிறது. அது விட்டால் வேறு பிடி இல்லை.

உடைந்ததையும், கழற்றிய வலதுபக்க ஆர்மையும், பரணில் கிடந்த 1,10,000 கிலோமீட்டர் ஓடிய பழைய ஒரிஜினலையும் ஒரு தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து அறுத்துப் பார்த்தேன். இதற்கு யாராவது மெனக்கெடுவார்களா என்று கேட்பீர்கள். கோபம் வந்தால் மெனக்கெடலாம். பழையதன் உருண்டை கண்ணாடி மாதிரி இருந்தது, கறுத்துப்போனாலும் கிரீஸ் இன்னும் மிச்சம் இருந்தது. புதியதன் உருண்டையில் லேத்தில் கடைந்த வரிகளே மறையவில்லை, பாலிஷ் என்று ஒன்று போடவே இல்லை. அந்த வரிகள் அரம் மாதிரி வேலை செய்து பிளாஸ்டிக் இருக்கையைத் தின்றிருந்தன. கிரீஸ் பெயருக்கு ஒரு தீற்றல். பூட்டின் ரப்பர் மடிப்புகளில் பாளம்பாளமாக வெடித்திருந்தது, அந்த வழியாகத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய் உருண்டை துருப்பிடித்திருந்தது. கிண்ணத்தின் வாயை உள்நோக்கி மடித்து அழுத்தியிருக்கும் விளிம்பு, ஒரிஜினலில் இருந்ததில் பாதி கனம்கூட இல்லை. வலதுபக்கம் இன்னும் கழன்று விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பூட் அதிலும் வெடித்துத்தான் இருந்தது.

புஷ் விஷயத்தில் மட்டும் முழுப் பழியையும் பார்ட் மேல் போட எனக்கு மனசு வரவில்லை. ஆர்மின் புஷ்ஷில் ரப்பர், நடுவிலிருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டப்பட்டிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடி திரும்பும். அதனால் அந்த போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்நாளைக் கழிக்கும், சீக்கிரம் கிழியும். என் மெக்கானிக் தொங்கவிட்டுத்தான் இறுக்கினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று எனக்கு விஷயம் தெரியாது. இதே காரணத்தால் நல்ல புஷ்களும் ஒரு வருடத்தில் போய், கம்பெனிக்குக் கெட்ட பெயர் வருவது உண்டு. ஆனால் என்னுடையதில் ரப்பர் கிழியவில்லை. குழாயிலிருந்து அப்படியே உரித்துக்கொண்டு கழன்றிருந்தது. ஒட்டே சரியில்லை என்று அர்த்தம்.

இனி வாரண்டி. கடைக்காரர் முதலில் சொன்னது, மாட்டியதில் கோளாறு. மெக்கானிக் சொன்னது, பார்ட்டில் கோளாறு. இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டே மூன்று வாரம் ஓட்டினார்கள். பெயர் ஒட்டி விற்றவருக்கு எழுதியபோது மாட்டிய பில், மாட்டிய அன்றைய கிலோமீட்டர், கழற்றிய பார்ட் மூன்றும் கேட்டார்கள். பார்ட்டைப் பழைய இரும்பில் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்திருந்ததால் பிழைத்தேன். கடைசியில் இடதுபக்கத்துக்கு மட்டும் ஒரு புது ஆர்ம் அனுப்பினார்கள். அதே பெயர், அதே டப்பா. வலதுபக்கம் ‘இன்னும் பழுதாகவில்லை’ என்பதால் தகுதி இல்லையாம். வண்டியைத் தூக்கி வந்த செலவு, டிரைவ் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் ஆயில், ஃபெண்டர், டயர், கூலி, அலைன்மென்ட் எதுவும் வாரண்டியில் கிடையாது. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. மொத்தச் செலவு, முதலிலேயே கம்பெனி பார்ட் வாங்கியிருந்தால் ஆகியிருப்பதைத் தாண்டிவிட்டது.

டப்பாவில் இருந்த பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பெயரைச் சொன்னால் அதை மட்டும் தவிர்ப்பீர்கள். பெயர் ஸ்டிக்கர்தானே, அடுத்த சரக்கில் வேறு ஒட்டிக்கொள்வார்கள். பார்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். தயாரித்தவர் குறியும் பார்ட் நம்பரும் தேதிக் குறியும் இரும்பிலேயே பதிந்திருக்கிறதா, ஸ்டிக்கரில் மட்டும் இருக்கிறதா என்று தேடுங்கள். பூட்டை விரலால் மடித்துப் பாருங்கள், புது ரப்பர் மடிப்பில் வெளுத்தாலோ முடிக்கோடு விட்டாலோ கீழே வைத்துவிடுங்கள். கூடவே பழைய பார்ட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரிஜினல் புஷ்ஷில் வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் இருந்து, புதியதில் ரப்பர் கெட்டியாக நிரம்பியிருந்தால் அது வேறு பொருள். ஸ்பிரிங் வாங்கினால் பெட்ரோலுக்கா டீசலுக்கா என்று கேளுங்கள். எஞ்சின் எடை வேறானால் ஸ்பிரிங்கும் வேறாக இருக்கலாம். லாக் நட் புதிதாக வந்திருக்க வேண்டும், பழையதையே திருகவிடாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஒன்றை மாட்டிவிட்டீர்கள் என்றால், என் மாதிரி ‘புதுசுதானே’ என்று இருக்க வேண்டாம். ஸ்ட்ரட் வைத்த வண்டியை பாடியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்கைச் சந்தேகப்படலாம், நிற்காவிட்டால் ஜாயின்ட்டைப் பாருங்கள். அந்தப் பையன் செய்ததுபோல நெம்பியும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேலேயே உட்காரும் வண்டிகளில் மட்டும் ஜாக்கியை ஆர்முக்கு அடியில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஆட்டத்தை மறைத்துவிடும். லிங்க் ராட் லொடலொடத்தால் காது வலிக்கும், அவசரமில்லை. பால் ஜாயின்ட்டில் ஆட்டம் என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள்.

வாரண்டியில் வந்த ஆர்ம் இரண்டு மாதமாக டப்பாவோடு மூலையில் கிடந்தது. பாதி விலைக்குத் தருகிறீர்களா என்று மெக்கானிக்கே ஒருமுறை கேட்டார், வேறொரு வண்டிக்காம். போன ஞாயிற்றுக்கிழமை வைஸில் வைத்து ஹாக்ஸா பிளேடால் பால் ஜாயின்ட்டை அறுத்தேன். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. உள்ளே அதே கடைசல் வரிகள், அதே ஒரு தீற்றல் கிரீஸ்.