நாக்கிங் சத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள், 27,000 கிலோமீட்டர்

என்னிடம் இருப்பது 2012-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 2023 ஆகஸ்டில், ஓடோமீட்டர் 1,31,000-ஐத் தாண்டியிருந்தபோது இன்ஜினில் கேட்கத் தொடங்கிய நாக்கிங் (உள்ளே தட்டுவதுபோன்ற) சத்தத்தால், இன்ஜினை இறக்கி வேலை செய்வதா, பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டுவதா, வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியதாயிற்று. இறக்கி வேலை செய்து இரண்டு ஆண்டுகள் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

இதே வண்டியில் முந்தைய ஆண்டும் ஒரு நாக்கிங் கேட்டிருந்ததுதான் என்னை ஏமாற்றியது. ஊட்டிக்குப் போகையில், பர்லியாறு தாண்டிய ஏற்றத்தில், ஏசி ஓட மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியதுபோலச் சலசலத்தது. இரண்டாவது கியருக்கு இறக்கினால் அடங்கியது. ஸ்பார்க் பற்றவைத்த தீ முழுவதும் பரவுவதற்குள், மீதமிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்துவிடுவதால் வரும் சத்தம் அது. 91 ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோலிலிருந்து 95-க்கு மாறி, எரியறையில் படிந்திருந்த கரியை நீக்கி, ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியதில் 4,200 ரூபாயோடு அது முடிந்துபோனது.

இரண்டாவது சத்தம் வேறு ரகம். சேலத்திலிருந்து கோவைக்குத் திரும்பும் வழியில், விஜயமங்கலம் டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கியபோது, கனமான சுத்தியலால் அடிப்பதுபோன்ற 'டொக் டொக்' பக்கச் சுவரில் மோதித் திரும்பக் கேட்டது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அடியின் வேகமும் கூடியது. வண்டி ஐடிலில் நிற்கையில் ஆயில் விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. பெட்ரோல் கோளாறாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவிநாசி வரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் ஓட்டினேன். அங்கே ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது அதன் நுனியில் மட்டும்தான் ஆயில் ஒட்டியிருந்தது. பத்தாயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலைப் பதினாலாயிரம் வரை இழுத்தவன் நான்தான் என்பதால், வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மீட்பு வண்டியில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்த பிறகு, மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலின் இணைப்பையும் சில நொடிகள் மட்டும் கழற்றிப் பார்த்தார். மூன்றாவதைக் கழற்றியதும் அடி மந்தமாயிற்று. அந்த சிலிண்டரில் எரிதல் நின்றால் பிஸ்டனைக் கிராங்க் என்னும் சுழல் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல் விழும் சுமை குறைந்து, தேய்ந்த பேரிங் அடிப்பதும் குறையும் என்பதே அதன் கணக்கு. வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றியதும் ஜரிகைத் தூள்போல உலோகத் துகள் மின்னியது. "சத்தம் கேட்ட எடத்துலயே நிறுத்தியிருக்கலாமுங்களே" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய இன்ஜின் வரவழைக்க 35,000 ரூபாய் கேட்டார்கள். அது முன்பு எப்படி ஓடியது என்பது யாருக்கும் தெரியாது, ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் அலைய வேண்டும். சத்தத்தோடு விற்றால் கிடைக்கும் விலை 70,000. கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்கி விற்றுவிடலாம் என்று ஒரு தரகர் யோசனை சொன்னார். வாங்கியவர் குடும்பத்தோடு நடுவழியில் நிற்பார் என்பது தெரிந்தும் அதைச் செய்ய மனம் வரவில்லை. உடல் பகுதியில் துருவில்லை, கியர்பாக்ஸ் நன்றாக இருந்தது என்பதால் வேலை செய்யவே முடிவெடுத்தேன்.

லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்ததில் கிராங்க்கின் மூன்றாவது ஜர்னல் (பேரிங் உட்காரும் உருண்டையான பகுதி) கீறி, ஓவலாகியிருந்தது. கிராங்க்கை 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங், பிஸ்டன் ரிங், புதிய ஆயில் பம்ப் எல்லாம் போட்டு, பதினோரு நாளில் 56,000 ரூபாய் ஆயிற்று. டோல்கேட்டிலேயே நிறுத்தியிருந்தால் ஒருவேளை கிராங்க் தப்பியிருக்கும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் 80-ஐத் தாண்டாமல் ஓட்டி, உடனே ஆயிலை மாற்றினேன். முன்பு 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்த இன்ஜினுக்கு இப்போது எட்டாயிரத்துக்கு 200 மில்லி போதுமாயிருக்கிறது. மைலேஜ் 14-லிருந்து 16-க்கு ஏறியது. ஒன்பதாயிரம் கிலோமீட்டரில் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, கியர்பாக்ஸை மறுபடியும் இறக்க வேண்டி வந்தது மட்டும் எரிச்சல்; மெக்கானிக் கூலி வாங்காமல் செய்துகொடுத்தார், சீலுக்கு மட்டும் பணம் கொடுத்தேன். போன மாதம் குன்னூர் ஏற்றத்தில் பழைய கூழாங்கல் சலசலப்பு லேசாகக் கேட்டது. இரண்டாவது கியருக்கு இறக்கியதும் நின்றுவிட்டது. ஆனாலும் மேலே போனதும் வண்டியை ஓரங்கட்டி, சற்று நேரம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டை ஒட்டியே இருந்தது.