பர்மிய, கம்போடிய உணவகம் தேட மேப் ஆப்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பெருநகரில் இந்த இரண்டு சமையலையும் நாட்டின் பெயர் போட்டுத் தேடினால் தாய்லாந்து, வியட்நாம் கடைகள்தான் முன்னால் வந்து நிற்கும். ஆப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. கடைக்காரரே பதிவு செய்யும்போது தாய், சீனம், ஆசிய உணவு என்று எதற்கு ஆள் வருமோ அந்த வகையைக் கொடுத்துவிடுகிறார். போதாததற்கு 1989-ல் பர்மா மியான்மர் ஆனது. பெயர்ப்பலகைகளில் இன்றும் இரண்டும் உண்டு. கம்போடியாவுக்கு, அந்நாட்டு மக்களையும் மொழியையும் குறிக்கும் கெமர் என்றும் ஒருமுறை தேடியாக வேண்டும்.

கைகொடுப்பது பதார்த்தத்தின் பெயர்தான். பர்மியத்துக்கு மொஹிங்கா (மீன் சூப் நூடுல்ஸ்), லபெ தோ, ஓன் நோ காவ் ஸ்வே (தேங்காய்ப்பால் நூடுல்ஸ்). கம்போடியத்துக்கு அமோக் (தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன்), குய்தியாவ் (அரிசி நூடுல்ஸ் சூப்), நும் பன் சொக் (குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்). கடை எந்த வகையில் இருந்தாலும் விமர்சனங்களிலும் மெனுவிலும் இந்தச் சொற்கள் சிக்கும். ஆனால் ஒரே எழுத்துக்கூட்டலில் நின்றுவிடக் கூடாது. ஊறவைத்த தேயிலை சாலடான லபெ தோவில் 'பெ'க்குப் பின் தொண்டையில் ஒரு நிறுத்தம் மட்டுமே வரும். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அதற்கு 'ட்' போட்டு லாபெட், லெபெட் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.

பர்மிய எழுத்திலேயே தேடுவது இன்னும் நல்லது. அதில் ஒரு சிக்கல்: மியான்மர் 2019-ல்தான் அதிகாரபூர்வமாக உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய பதிவுகள் பெரும்பாலும் ஸாஜி என்ற பழைய எழுத்துருவில் உள்ளவை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே குறியீடு வேறு என்பதால் தேடலில் பொருந்தாமல் போகலாம். பழைய முகநூல் பக்கத்திலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டி ஒன்றுமே வராவிட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மேப்பை நகரம் முழுக்க விரித்து வைத்தால் விமர்சனம் குறைந்த சின்னக் கடைகள் மறைந்துவிடும். பேட்டை பேட்டையாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு முறையும் "இந்தப் பகுதியில் தேடு" அழுத்த வேண்டும். சிங்கப்பூரின் பெனின்சுலா பிளாசா போல ஒரே கட்டடத்துக்குள் பல பர்மியக் கடைகள் இருந்தால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். எந்த மாடி என்பதை வாசலில்தான் கேட்க வேண்டியிருக்கும்.

தவறான பொருத்தங்களும் வரும். "நாம் வாங்" என்பது கம்போடியத் தலைநகர் நாம்பென்னுக்கு வியட்நாமியர் வைத்த பெயர். ஆகவே "ஹூ தியூ நாம் வாங்" என்ற நூடுல்ஸ் சூப் கிடைக்கும் கடை பெரும்பாலும் வியட்நாம் கடையே. தேயிலை சாலட் இப்போது ஃப்யூஷன் கடைகளிலும் உண்டு. அதை மட்டும் நம்பக் கூடாது. மெனுவில் சின் பாவ்ங், அதாவது நம் புளிச்சக்கீரை, இருந்தால் பர்மியச் சமையல்காரர் இருக்க வாய்ப்பு அதிகம். கம்போடியத்துக்கு அதே வேலையைச் செய்வது பிராஹோக் என்ற புளிக்கவைத்த மீன் விழுது. வாடைக்குப் பயந்து சில கடைகள் அதை மெனுவில் எழுதுவதில்லை, கேட்டால் கொடுப்பார்கள்.

திறக்கும் நேரத்தை மட்டும் பார்த்துக் கிளம்பினால் ஏமாற்றம்தான். மொஹிங்கா காலை உணவு. சில கடைகளில் வார இறுதியில் மட்டும், அதுவும் பானை தீரும்வரைதான். கிளம்பும் முன் போன் செய்து, "திறந்திருக்கிறதா" என்பதோடு "இன்று மொஹிங்கா உண்டா" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.