சொன்னால் சம்மதமா, சும்மா இருந்தாலே சம்மதமா?

உறுப்பு தானத்தில் ஜெர்மனிக்கு ஒரு வழி, பக்கத்து ஆஸ்திரியாவுக்கு வேறு வழி. ஜெர்மனியில் ‘தருகிறேன்’ என்று சொன்னவர்தான் கொடையாளர்; எதுவும் சொல்லாமல் இறந்தவருக்காகக் குடும்பத்தைக் கேட்பார்கள். ஆஸ்திரியாவில் ‘தர மாட்டேன்’ என்று பதிவு செய்யாத எல்லோருமே கொடையாளர். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சம்மதித்தவர்களாகக் கணக்கில் வந்தவர்கள் ஜெர்மனியில் 12 சதவீதம், ஆஸ்திரியாவில் 99.98. பேசும் மொழி ஒன்று. எல்லையைத் தாண்டினால் மனசு இவ்வளவு மாறுமா என்ன? மாறியது படிவம்தான்.

முதல் வழியில் முடிவு நம்முடையது. சரி, ஆனால் நாம் முடிவெடுக்கிறோமா? ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று படிவத்தை மேசை இழுப்பறையில் போட்டவரும், யோசித்து மறுத்தவரும் அந்த 12 சதவீதத்தில் வராதவர்கள்தான்.

இரண்டாவது வழி அந்தச் சோம்பலை நல்லதுக்குத் திருப்புகிறது. எனக்கு உறுத்துவது வேறு. சட்டமே தெரியாதவரின் மௌனம் எப்படிச் சம்மதமாகும்? பெண் பார்க்கும் அன்று அவள் தலைகுனிந்தாலே ‘சரி’ என்று எடுத்துக்கொண்ட பழைய வழக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

ஸ்பெயினில் 1979 முதல் ஆஸ்திரியா மாதிரிச் சட்டம்தான். ஆனாலும் அங்கே மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறார். அவர்கள் வேண்டாம் என்றால் எடுப்பதில்லை. நான் அந்தப் பக்கம்தான்.