விமானப்படைக்காரரின் கல்வெட்டு: வவுனியா அச்சகமொன்றின் வேலை

இறந்தவரின் 31ஆம் நாளுக்கு வவுனியாவில் ஓர் அச்சகம் அடித்துக் கொடுத்த கல்வெட்டு, அதாவது நினைவு மலர், இது. ரோயல் சிலோன் எயார் போர்ஸில் எயார்பிரேம் பிற்றராக இருந்து, பிறகு நெடுங்கேணிப் பக்கம் வயலும் பிள்ளைகளுமாக வாழ்ந்த ஒருவரின் நினைவாக வந்தது.

ஏ5 அளவு, 40 பக்கம், நடுவில் இரண்டு கம்பிப் பின் (ஸ்டேப்பிள்). உள்தாள் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜிஎஸ்எம். இந்தத் தடிப்பில் 40 பக்கத்தை மடித்துக் கம்பிப் பின் அடித்தால் நடுத்தாள்கள் வெளியே தள்ளும், ஓரம் வெட்டும்போது பக்க எண்ணும் சேர்ந்து போகும். தாராளமாக ஓரம் விட்டிருப்பதால் இங்கே தப்பியது. சிவபுராணமும் தேவாரமும் அச்சகத்தில் எப்போதும் தயாராக இருக்கிற பக்கங்கள், பிழையில்லை.

பிழையெல்லாம் வாழ்க்கை வரலாற்றில்தான். தலைப்பிலேயே 'விமானி' என்று போட்டுவிட்டார்கள். எயார்பிரேம் பிற்றர் விமானத்தின் உடல், இறக்கை, சில்லுக்கால், கட்டுப்பாட்டுக் கம்பிகளைப் பார்ப்பவர். என்ஜினுக்கு வேறு ஆள். படை தொடங்கியது 1951இல், 'ரோயல் சிலோன்' என்ற பெயர் போனது 1972இல். அதற்கு முன்பே விலகியவருக்கு 'ஸ்ரீ லங்கா விமானப் படை' என்று எழுதினால் சேவைச் சான்றிதழோடு ஒத்துவராது. பலியோல் என்ற பயிற்சி விமானம் முதல் புறூவில் (பிழை பார்க்கத் தரும் பிரதியில்) 'பாலியல் விமானம்' என்று வந்திருந்தது. வீட்டார் கண்டுபிடித்ததால் மானம் தப்பியது.

9ஆம் பக்கப் படம் இடம் வலம் மாறியிருக்கிறது. சிப்மங்க் விமானத்தின் முன்னால் நிற்கும் நால்வரில் விமானியின் இறகுச் சின்னம் வலது மார்பில் தெரிகிறது. அது இடது பொக்கற்றுக்கு மேலே இருக்க வேண்டும். நெகற்றிவைப் பின்பக்கமாக ஸ்கான் பண்ணினால் இப்படித்தான் வரும். கறுப்பு வெள்ளைப் படமொன்றுக்கு நிறமும் ஊட்டியிருக்கிறார்கள். சீருடை ஆமிப் பச்சையாகிவிட்டது. எயார் போர்ஸில் நீலச் சாம்பலும் இருந்தது, காக்கியும் இருந்தது. மென்பொருள் எதை அறியும்? அப்படியே விட்டிருக்கலாம்.

ஆனால் 22ஆம் பக்கத்துக்காக இந்த அச்சகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அவருடைய கொப்பியிலிருந்து ஒரு தாள். இறைப்பு மெசினுக்கு ஒயில் மாற்றிய திகதி, பிளக் இடைவெளி 25 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு), அதற்குக் கீழே மகளின் ரியூசன் காசு, மகனுக்குச் சப்பாத்து அளவு. எல்லாம் ஒரே வரிசையில், ஒரே பென்சிலில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையொப்பம். விமானத்தில் செய்த வேலைக்குக் கையொப்பமிட்ட பழக்கம் வீட்டுக் கணக்குக்கும் வந்திருக்கிறது. வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கான் பண்ணியிருந்தால் பென்சில் கோடு மறைந்திருக்கும். சாம்பல் நிறத் தரத்தில் எடுத்ததால் ரப்பரால் அழித்த இடம்கூடத் தெரிகிறது.

இந்த அச்சகத்தில் கல்வெட்டு அடிக்கக் கொடுப்பவர்கள் சேவைச் சான்றிதழின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். அச்சகம் பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறது. அதில் ஆங்கில எழுத்துகள் தமிழ் எழுத்தாக மாறி நிற்கும், ஆகவே படை இலக்கத்தை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். புறூவைப் போனில் பார்க்காமல் தாளில் கேளுங்கள். இரண்டு அங்குலப் படத்தை நான்கு அங்குலமாக்குவதென்றால் 600 டிபிஐயில் ஸ்கான் வேண்டும். வைபரில் அனுப்பிய படம் உதவாது. படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ணச் சொல்லுங்கள். இடமும் திகதியும் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலில் கிடக்கும்.