நடிகரின் பண்ணையும் தோடர் மந்தும்

குடும்ப மேய்ச்சல் நிலத்தின் மரபைக் காக்க, நிலத்தை அரசிடம் ஒப்படைப்பதா, மந்தையோடு அங்கேயே வாழ்வதா என்ற கேள்விக்கு உதகையிலிருந்து பார்க்கையில் இரண்டு விடைகள் தெரிகின்றன.

ஹாலிவுட் நடிகர் வில் ரோஜர்ஸ், குதிரைகளும் போலோ ஆட்டமுமாகக் குடும்பத்தோடு வாழ்ந்த கலிபோர்னியப் பண்ணை, 1935இல் அவர் விமான விபத்தில் மறைந்த பின், 1944இல் மாநிலப் பூங்காவானது. பல்லாண்டுகள் பேணப்பட்ட அந்த வீடு 2025 ஜனவரிக் காட்டுத்தீயில் எரிந்துபோனது.

நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர் பழங்குடியினரின் சிற்றூரான மந்தில் பேணப்படுவது கட்டடம் அன்று, கைப்பழக்கம். அரைப் பீப்பாய் போல் வளைந்த கூரை, தவழ்ந்தே நுழைய வேண்டிய சிறுவாசல், எருமைகளுக்கு உப்புநீர் ஊட்டும் சடங்கு ஆகியவற்றைத் தலைமுறைகள் தொடர்ந்து செய்துவருகின்றன. கோயில் கூரை நைந்தால், ஆண்கள் கூடி மூங்கிலும் பிரம்பும் மலைப்புல்லும் கொண்டு மீண்டும் வேய்கிறார்கள். தீயோ மழையோ கூரையைக் கொண்டுபோனாலும் வேயத் தெரிந்த கைகள் மிஞ்சும் என்பதால், மந்தின் வழியே உறுதியானது என்று நான் கருதுகிறேன்.

ஆயினும் எருமை இன்றி மந்து இல்லை. சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் புல்வெளியை விழுங்கிவிட்ட சரிவுகளில் மந்தைகள் சிறுத்துப்போனதைக் காண்கையில் நெஞ்சு கனக்கிறது. பூங்காவுக்கு வேலி போதும். மந்துக்கோ அந்த அயல்மரங்களை அகற்றிப் புல்லை மீட்டுத் தர வேண்டும்.